நாலு கரண்டி சோப்புத்தூள்

அத்தியாயம் 14

அத்தைக்கு அன்றைக்கு வாய் திறக்க அனுமதி இல்லை. முந்தின நாள் மதியம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டர், அந்தக் குழியில் ஒரு பஞ்சு உருண்டையை வைத்து அமுக்கி, "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பேசவே கூடாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். கூடப் போயிருந்த மருமகள், காதில் சரியாக விழாதவள் மாதிரி அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். அவ்வளவு இனிமையான வார்த்தையை அவள் அந்த வருஷத்தில் கேட்டதில்லை.

தெருவில் அந்த மருமகளுக்குப் பளிச்சு என்று பெயர். வீட்டு முன்னறையில் இரண்டு வாஷிங் மெஷினும் ஓர் இஸ்திரி மேஜையும் போட்டு, வாசலில் 'பளிச் லாண்டரி' என்று பலகை மாட்டிய நாளிலிருந்து அவளுடைய சொந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. பெயருக்கும் தொழிலுக்கும் குறுக்கே நின்றது ஊர்க் குழாய்த் தண்ணீர். வெறும் உப்பு. கெட்டிலின் அடியில் வெள்ளைப் பொருக்கு, குழாய் வாயில் வெள்ளைத் தாடி. குளியலறை ஷவரில் பாதி ஓட்டை அடைத்துக்கொண்டு, மீதி ஓட்டைகள் குளிக்கிறவரை விட்டுவிட்டு எதிர்ச் சுவரைக் குளிப்பாட்டும். வெள்ளைத் துணி மூன்றாம் சலவையில் சாம்பல் பூத்துவிடும்.

அந்தத் தண்ணீரை அதே வீட்டில் ஒருவர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அவள் கணவர்தான். ஹீட்டர் மெக்கானிக். உப்பு படிந்து கருகிய காயிலைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டுவதே முழுநேர வேலை என்பதால் தெருவுக்கு அவர் காயில்காரர். "இந்தத் தண்ணி இப்படியே இருக்கிற வரைக்கும் எனக்கு லீவே கிடையாது" என்று குழாயைப் பார்த்துக் கும்பிடு போடுவார். அதே தண்ணீர் மனைவியின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடுவது அவர் கண்ணில் பட்டதில்லை.

போன வாரம்தான் பட்டது. ஸ்டேஷன் பக்கம் புதிதாகத் திறந்த ஹோட்டலின் மேஜை விரிப்புகளை அவள் இரண்டு தடவை துவைத்துக் கொடுத்திருந்தாள். இரண்டு தடவையும் மேனேஜர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கியிருந்தார். மூன்றாவது மூட்டைதான் கடைசி என்று சொல்லியும் விட்டார்.

"இதுவும் போச்சுன்னா பலகையைக் கழட்டிடறேன். பழைய முதலாளிகிட்டயே போய்த் துணி மடிக்கிறேன்" என்றாள் அவள். அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் காயில்காரர் ஏதாவது சமாதானம் சொல்லிச் சமாளித்திருப்பார். அழாததால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த மூன்றாவது மூட்டையை வாங்கிப்போக மேனேஜர் வருகிற நாள் இன்று. சாயங்காலம் நாலு மணிக்கு.

காலையில் பளிச்சு டீயை ஆற்றி அத்தையிடம் நீட்டினாள். அத்தை பஞ்சை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். கண் விரிந்தது. டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். வழக்கமாக மேலே மிதக்கும் அழுக்கு ஏட்டைக் காணோம். டம்ளரைக் காட்டினார், குழாயைக் காட்டினார், இரண்டு கையையும் விரித்துத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார்.

அந்த வீட்டு டீயைப் பற்றி அத்தை நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதாகச் சரித்திரமே இல்லை.

"இன்னைக்கும் சரியில்லையா அத்தை? சரி விடுங்க, நாளைக்குத் தூளை மாத்திப் பாக்கலாம்" என்றாள் பளிச்சு.

அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டார். மறுபடியும் குழாயைக் காட்டினார்.

"தெரியும் அத்தை, தண்ணியும் சரியில்லதான். நான் என்ன பண்ணட்டும்?"

காயில்காரர் கூடத்தில் தன் கருவிப் பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். முகத்தில் திருட்டு முழி.

"எப்போ துவைக்கப் போறே?"

"எதுக்குக் கேக்கறீங்க? வந்து பிழிஞ்சு கொடுக்கப் போறீங்களா?"

"இல்ல, சும்மா கேட்டேன். தூள் எல்லாம் போடுவே இல்ல, அதைக் கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

"ஒண்ணுமில்ல. பாத்துப் போடு."

"இத்தனை நாளா கண்ணை மூடிக்கிட்டா போட்டேன்?" என்றாள் அவள். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டார்.

சோப்புத்தூள் பொட்டலத்தில் ஒரு கரண்டி போடச் சொல்லி எழுதியிருக்கும். அதை எழுதியவர் இந்த ஊர்த் தண்ணீரைப் பார்த்ததில்லை. ஒரு கரண்டி போட்டால் நுரை தலைகாட்டாது. இரண்டு போட்டால் வந்துவிட்டு உடனே போய்விடும். நாலு போட்டால்தான் ஏதோ துவைக்கிற மாதிரி இருக்கும். அந்த நாலு கரண்டியைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று. அதனால் அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மேஜை விரிப்புகளை ஒரு மெஷினிலும் சமையல்காரர்களின் வெள்ளைக் கோட்டுகளை இன்னொன்றிலும் போட்டாள். ஆளுக்கு நாலு கரண்டி. இன்றைக்குக் கடைசி வாய்ப்பு என்பதால் விரிப்புகளுக்கு இன்னும் ஒன்று சேர்த்தாள்.

இரண்டையும் ஓடவிட்டுவிட்டு உள்ளே போய் அத்தைக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்துவிட்டு வந்தால், மெஷின் கண்ணாடிக்குள் துணியைக் காணவில்லை. வெள்ளை வெளேரென்று நுரை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூள் போடுகிற தட்டு தானாகக் கொஞ்சம் திறந்துகொண்டது. அதன் வழியாக நுரை எட்டிப் பார்த்தது. பிறகு வெளியே வந்தது.

அதற்கப்புறம் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெஷினை நிறுத்தினால் நுரை நிற்கவில்லை. துணியால் துடைத்தால் அந்தத் துணியிலிருந்தும் நுரை வந்தது. இஸ்திரி மேஜையின் காலைச் சுற்றிக்கொண்டு, செருப்பு வைக்கிற பலகையை மூழ்கடித்துவிட்டு, வாசற்படியில் சாவகாசமாக இறங்கியது.

எதிர்க்கடை டெய்லர் கத்தரிக்கோலும் கையுமாக வெளியே வந்தார். "என்னங்க, பாட்டில் பாட்டிலா ஊத்திட்டீங்களா?"

"நாலு கரண்டிதாங்க. எப்பவும் போடறதுதான்."

"தூள்ல ஏதோ கலப்படம். எங்க வீட்டுக்கும் கொஞ்சம் அந்தத் தூளைச் சொல்லுங்க" என்றார் டெய்லர்.

அவள் கணவருக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. யார் வீட்டு ஹீட்டருக்குள்ளேயோ கையை விட்டுக்கொண்டிருப்பார்.

சரி, அலசிவிடலாம் என்று அலச விட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக நுரை அடங்கியது. அப்பாடா என்று ஒரு விரிப்பை எடுத்துப் பிழிந்தால் கை வழுக்கியது. சோப்பு போகவில்லை. இன்னொரு தடவை அலசினாள். வழுக்கியது. தன் கையை மட்டும் குழாயில் காட்டிக் கழுவிப் பார்த்தாள். அதுவும் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கியது. சோப்பு போகாத துணியை இஸ்திரி போட்டால் மஞ்சளாகத் தீய்ந்துவிடும். அலசினாள், அலசினாள், சமையலை மறந்து அலசினாள்.

அத்தை வாசலுக்கு வந்து நின்று, கையை நீட்டி நீட்டி வீட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். பின்பக்கத்தில்தான் துணி காயப்போடுகிற கொடி இருக்கிறது.

"இன்னும் அலசியே முடியல, எப்படி அத்தை காயப்போடறது?" என்றாள் அவள். குரல் உடைந்துவிட்டது. அத்தை அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பின்பக்கமாகவே போய்விட்டார்.

நாலு மணிக்கு வரவேண்டிய மேனேஜர் இரண்டரைக்கே வந்துவிட்டார். இந்தப் பக்கம் ஒரு வேலையாம். பாலிஷ் போட்ட ஷூவோடு வாசலில் நுரைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"என்னம்மா, துணி துவைக்கிறீங்களா, தெருவைத் துவைக்கிறீங்களா?"

அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. பலகையைக் கழற்றுவதற்கு ஸ்குரூடிரைவர் எந்தப் பையில் இருக்கிறது என்றுகூட மனசு யோசித்துவிட்டது. "கொஞ்சம் சோப்பு கூடிப்போச்சு சார். அலசிட்டே இருக்கேன். நாலு மணின்னு சொன்னீங்க."

"அலசி முடிச்சிட்டீங்களா?"

"போகவே மாட்டேங்குது சார்" என்று உண்மையைச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துக் காயில்காரரின் வண்டி வந்து நின்றது. தவறிய அழைப்பைப் பார்த்துவிட்டு, பாதி மாட்டிய காயிலை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். நுரையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மேனேஜரின் ஷூவைப் பார்த்தார்.

"எத்தனை கரண்டி போட்டே?"

"நாலு. ஒண்ணுல அஞ்சு."

"ஐயோ, அரைக் கரண்டி போதும்னு சொன்னானே" என்றார் அவர். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"யார் சொன்னா?"

"அதை விடு. எத்தனை தடவை அலசினே?"

"எண்ணலை. இன்னும் வழவழன்னுதான் இருக்கு."

"அது சோப்பு இல்ல. சோப்பு அப்பவே போயிருக்கும். தண்ணியே அப்படித்தான் இருக்கும் இனிமே." அவர் தலையைச் சொறிந்தார். "நேத்து நீங்க ரெண்டு பேரும் பல் டாக்டர்கிட்ட போயிருந்தப்ப, பின்னாடி லைன்ல ஒரு சாஃப்ட்னர் மாட்டியாச்சு. தண்ணில இருக்கிற உப்பை அது பிடிச்சு வச்சுக்கும். இன்னைக்கு வெள்ளையைப் பாத்து நீயே அசந்துபோகணும்னு நினைச்சேன். தூள் விஷயத்தைச் சொன்னா குட்டு உடைஞ்சிடுமேன்னு விட்டுட்டேன், இவ்ளோ பொங்கும்னு தெரியல. நான் என்னைக்குக் கைக்குட்டை துவைச்சேன்?"

அவளுக்கு அவரை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. மேனேஜர் நடுவில் நின்றதால் இரண்டும் நடக்கவில்லை. சுத்தமான துணியைக் காலையிலிருந்து சுத்தம் செய்துகொண்டிருந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒரு விரிப்பை எடுத்து இஸ்திரி மேஜையில் போட்டாள்.

நீராவி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கும்போது மட்டும் கை ஒரு நொடி நின்றது. உப்பு அடைத்த பெட்டி அது. நல்ல துணியாகப் பார்த்துத்தான் பழுப்பு நிறத்தில் துப்பும்.

"அதையும் நேத்து வினிகர் ஊத்திக் கழுவிட்டேன்" என்றார் காயில்காரர் மெதுவாக. "துப்பாது."

துப்பவில்லை. ஈரத்துணியின் மேல் பெட்டி ஓட ஓட, விரிப்பு விரிந்தது. அவள் கைக்குக் கீழே அப்படியொரு வெள்ளையை அவளே பார்த்ததில்லை. மேனேஜர் நுரையைத் தாண்டி உள்ளே வந்து, அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பிடித்தார். உதடு பிதுங்கவில்லை.

"நல்லா இருக்கு" என்றார். "ஆனா ஒருநாள் வெள்ளை எல்லாரும் காட்டுவாங்கம்மா. வாராவாரம் இதே மாதிரி வருமா? வரும்னா வேலை உங்களுக்கு. ஒரு வாரம் சாம்பல் அடிச்சாலும் நான் வேற ஆளைப் பாத்துடுவேன்."

"வரும் சார்" என்றாள் அவள், கணவரைப் பார்த்துக்கொண்டே.

"எங்க ஹோட்டல்லயும் இதே தொல்லைதான். ஹீட்டர் வருஷத்துக்கு ரெண்டு தடவை படுத்துடுது. இந்த மெஷினை யார் மாட்டிக் கொடுத்தாங்க?"

காயில்காரர் சுவரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். இரண்டு வருஷமாக அந்த வீட்டுக்குள் சொல்லப்படாத வார்த்தை ஒன்று அவர் தொண்டையில் வந்து நின்றது.

"எங்கண்ணன் சார்" என்றார்.

உள்வாசலில் ஏதோ பொத்தென்று விழுந்தது. எல்லோரும் திரும்பினார்கள். அத்தை நின்றுகொண்டிருந்தார். வாயில் இருந்த பஞ்சு தரையில் கிடந்தது.

அந்த அண்ணனைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. அத்தையின் மூத்த பிள்ளையான பெரியவர், கடைத்தெருவில் சாஃப்ட்னர் விற்கிற கடை வைத்தவர். அந்த மெஷினுக்கு மாதாமாதம் ஒரு மூட்டை உப்புக் கல் போடவேண்டும். கடை திறந்த அன்றைக்கு, வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் தம்பி, "உப்புத் தண்ணியை உப்பு போட்டே சரி பண்றானாம் எங்கண்ணன்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். "நீ ஊர்ல இருக்கிற காயில் எல்லாம் கருகணும்னு வேண்டிக்கிறவன்தானே" என்றார் அண்ணன். அவ்வளவுதான். பெரியவர் கடை மாடியிலேயே குடியேறிவிட்டார். அத்தை இரண்டு பேரையும் சமமாகத் திட்டினார். ஆனால் தங்கியது சின்னவர் வீட்டில் என்பதால், அம்மா அவன் பக்கம் என்று பெரியவர் முடிவு கட்டிக்கொண்டார்.

மேனேஜர் அடுத்த மூட்டையை நாளைக்கே அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பளிச்சுவுக்கு வாசலில் நின்று தன் பலகையை ஒரு தடவை தடவிப் பார்க்கவேண்டும் போல இருந்தது. தடவியும் பார்த்தாள். டெய்லர் பார்க்கிறார் என்று தெரிந்தும் பார்த்தாள்.

அத்தை இரண்டு பேரையும் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். சுவரோரம் நீல நிற உருளை ஒன்று நின்றது, பக்கத்தில் உப்புத் தொட்டி. குழாயை மூடுகிற பிடி, வலது கைக்காரர்களுக்கு எட்டாத பக்கமாகத் திருப்பி மாட்டப்பட்டிருந்தது. பெரியவர் இடது கைக்காரர். அத்தை அந்தப் பிடியின் மேல் கையை வைத்துக்கொண்டார். காலையில் டீ குடித்த உடனேயே சந்தேகம் வந்து, அத்தை கையைக் காலை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று பளிச்சுவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"வீட்டுக்குள்ள வந்துட்டு, நான் இல்லாத நேரமா பாத்து வந்துட்டுப் போயிருக்கான்" என்றார் அத்தை. ஒரு நாள் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சு, இவ்வளவு சின்னதாக வந்தது.

"நீ போய்க் கேட்டியாடா?"

"கேட்டேம்மா. இவ பலகையைக் கழட்டறேன்னு சொன்னதும் போய்ட்டேன். கடை வாசல்ல ரொம்ப நேரம் நின்னேன். அவன்தான் 'உள்ள வா'ன்னான். அம்மாகிட்ட சொல்லாதேன்னும் அவன்தான் சொன்னான்."

அத்தை உப்புத் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். விளிம்பு வரை வெள்ளைக் கல் நிறைந்திருந்தது.

"இதை மாசாமாசம் யார் போடறது?"

"நானே போட்டுடுவேம்மா. மூடியைத் திறந்து கொட்டணும், அவ்ளோதான்."

"உனக்குத் தெரியாது" என்றார் அத்தை.

"இதுல தெரியறதுக்கு என்ன..."

"உனக்குத் தெரியாதுடா. ஏம்மா, உனக்குத் தெரியுமா?"

பளிச்சு அத்தையின் முகத்தைப் பார்த்தாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் கலங்கி, இருந்தாலும் ஒரு குறும்பு.

"எனக்கு இதெல்லாம் ஒண்ணுமே தெரியாது அத்தை. தப்பா போட்டு, அடுத்த வாரம் துணி சாம்பல் அடிச்சா ஹோட்டல் வேலை போயிடும். தெரிஞ்சவங்கதான் வந்து போடணும்."

"போனைக் கொடு."

மணி ஒரு தடவை அடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்தாயிற்று. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு பெரியவரின் குரல், ரொம்பச் சின்னதாக.

"என்னம்மா, உப்பு தீந்துபோச்சா?"

"ஆமாண்டா" என்றார் அத்தை. "தீந்துபோச்சு."

"நேத்துதானே ஒரு மூட்டை கொட்டினேன்."

"உங்கம்மா பொய் சொல்றாங்கறியா?"

"இல்லம்மா. இதோ மூட்டையோட வரேன். பத்து நிமிஷம்."

அத்தை போனை வைத்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொட்டியைப் பார்த்தார். அது விளிம்பு வரை நிறைந்து, எந்தக் கவலையும் இல்லாமல் நின்றது.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க? அள்ளுங்க."

"எதைம்மா?"

"உப்பை. அவன் வந்து திறந்து பாக்கறதுக்குள்ள இதுல ஒரு கல்லு இருக்கக் கூடாது."

காயில்காரர் வாளியைத் தேடி ஓடினார். பளிச்சு சோப்புத்தூள் கரண்டியை எடுத்து வந்து தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டாள். காலையில் நாலைந்து கரண்டியோடு நிறுத்தியவள் இப்போது எண்ணிக்கையே இல்லாமல் அள்ளினாள். இருவரும் மூச்சு வாங்க அள்ளிக்கொண்டிருக்கும்போது, தெருக்கோடியில் வண்டிச் சத்தம் கேட்டது.

"உங்க பெரியவர் வர்றாருங்க" என்று வாசலிலிருந்து டெய்லரின் குரல் வந்தது. "பின்னாடி ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. உப்பு மூட்டை அதோட மடியில இருக்கு."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, வீங்கின கன்னத்தை ஒரு கையால் மறைத்துக்கொண்டார்.

"அது யாருன்னு நான் பாத்துக்கறேன்" என்றார். "நீங்க அள்ளுங்க."